சந்தனம் வைத்த அடாப்டர்

லேப்டாப் டாக் பழுது பார்ப்பது முக்கால்வாசி மேஜைக்கு அடியில் தவழ்கிற தொழில். மீதிக் கால்வாசி, வெளியே வரும்போது தலையை இடித்துக்கொள்ளாமல் இருப்பது.

இந்த இரண்டையும் சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் பதினெட்டு வருடங்களாகச் செய்துவருகிறேன். உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்காது, பாதம் தெரிந்திருக்கும். மேஜைக்கு வெளியே இரண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்க, மேலே நின்று "ஆச்சா சார்?" என்று நீங்கள் கேட்டதெல்லாம் என்னைப் போன்ற ஒருவனிடம்தான். இதில் இன்னும் மாட்டாத பாக்கியசாலிகளுக்காக ஒரு வார்த்தை: டாக்கிங் ஸ்டேஷன் என்பது டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், நெட் ஒயர், கரண்ட் எல்லாம் அதன் முதுகில் வந்து சேரும். அதிலிருந்து ஒரே ஒரு ஒயர் லேப்டாப்புக்குப் போகும். காலையில் அதைச் செருகினால் வேலை. மாலையில் உருவினால் வீடு. கொள்கையளவில் அவ்வளவுதான்.

கப்பல் நிற்கும் இடம்

முதல் தொகுதி டாக்குகள் வந்து இறங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. பெட்டிகளைக் கொண்டுவந்தவர் காதர் பாய். கோவளத்துக்காரர். எங்கள் அலுவலகத்துக்கு ஒப்பந்தத்தில் வேன் ஓட்டினார். வேனில் ஏறுகிற எதற்கும் அவர் வைத்த பெயர் 'டப்பா'. அது எனக்குப் பொறுக்கவில்லை. டாக் என்றால் கப்பல் வந்து நிற்கிற துறை, பக்கத்தில் மாமல்லபுரத்தில் ராஜாக்கள் காலத்தில் மரக்கலங்கள் வந்து நின்றன, அதே கரையில் இன்று நாம் லேப்டாப்பைக் கட்டப்போகிறோம் என்று லிப்டுக்காகக் காத்திருந்த நேரத்தில் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். சரித்திரத்தை லிப்டு வாசலில் சொல்லக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

பாய் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். "கயிறு அறுந்தா கப்பலு கடலுக்குப் பூடும் சார். இது அறுந்தா எங்க போவும்?" என்றார். எங்கே போகும், என்னிடம்தான் வரும் என்றேன். அவர் பெட்டியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்போ நீங்கதான் சார் கடலு."

எது?

டாக்கில் கோளாறு என்றால் கம்ப்யூட்டரில் ஒரு புகார் பதிய வேண்டும். அதற்கு டிக்கெட் என்று பெயர். நம் மக்கள் டிக்கெட்டில் எழுதுகிற வாக்கியம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: 'வேலை செய்யவில்லை.' எழுவாய் இல்லாத வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் எந்த மேஜைக்கு அடியில் போவேன்? 'எது?' என்று ஒரே சொல்லைப் பதிலாக எழுதித் திருப்பி அனுப்பிவிடுவேன். எழுத்துப்பிழை இருந்தால் அதையும் திருத்தி அனுப்புவேன். இதனால் எனக்கு நண்பர்கள் பெருகவில்லை.

ஒரு நாள் இப்படித் திருப்பி அனுப்பிய டிக்கெட்டின் சொந்தக்காரி நேராக என் இருக்கைக்கே வந்துவிட்டார். பெயர் ஹேமலதா. மூன்றாம் மாடியில் டெஸ்டர், அதாவது மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது அவர் வேலை. கல்பாக்கத்திலிருந்து தினமும் வந்து போகிறவர். கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னார்:

"சார், கரண்ட் போச்சுன்னு ஈ.பி. ஆபீசுக்குப் போன் பண்ணினா, அவங்ககூட 'எந்தக் கரண்ட்?'னு கேக்கறதில்ல."

ஆயுத பூஜை

வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி பெற்றவர்களுக்கு டாக்கை வீட்டுக்கே அனுப்புவது என்று ஒரு வருடம் முடிவானது. டாக் வாங்குகிறவர் பழைய சார்ஜரைத் திருப்பித் தந்துவிட வேண்டும், இரண்டும் ஒருவரிடம் இருக்கக்கூடாது என்பது விதி. அனுப்ப வேண்டிய டாக்குகள் எங்கள் ஸ்டோர் அறையில் அடுக்கியிருந்தபோது ஆயுத பூஜை வந்தது. மற்ற இடங்களில் மொத்தமாக ஒரு பெட்டிக்கு ஒரு பொட்டு வைத்து முடித்துவிடுவார்கள். நான் அப்படி விடுகிற ஆள் இல்லை. டாக் ஓர் ஆயுதம் என்றால் அதற்குக் கரண்ட் கொடுக்கிற அடாப்டரும் ஓர் ஆயுதம். ஒன்றின் பொட்டை இன்னொன்று பங்கு போட்டுக்கொள்வது சாஸ்திரம் ஆகாது என்றேன். எந்தச் சாஸ்திரம் என்று யாரும் கேட்கவில்லை. சுண்டல் வந்திருந்தது.

என் மேஜை டாக்கையும் கொண்டுவந்து வரிசையில் சேர்த்து, எல்லா அடாப்டரையும் டாக்கிலிருந்து கழற்றினோம். துடைக்கிற வேலை காதர் பாயுடையது, பொட்டு வைக்கிற வேலை என்னுடையது என்று நாங்களே பிரித்துக்கொண்டோம். ஒரு வரிசை டாக், ஒரு வரிசை அடாப்டர், எல்லாவற்றுக்கும் சந்தனம், நடுவில் குங்குமம். அந்த அறையை அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. கற்பூர வாசனையும் புது ரப்பர் வாசனையும் கலந்த அந்த மணம் இப்போதும் ஐப்பசியில் எனக்கு வந்து போகும். பொரியை மென்றுகொண்டே எல்லாவற்றையும் மறுபடி மாட்டினோம். பாய் இரண்டு வரிசையையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கல்யாண மண்டப வாசல்ல செருப்பு கழட்டிப் போட்ட மாதிரியே கீது சார். போவும்போது அவனவன் செருப்பு அவனவனுக்குக் கெடைக்குதா, பாத்துக்குங்க."

கல் தூசி

பிறகு ஆரம்பித்தன வீட்டு விஜயங்கள். காதர் பாயின் வேனில் முன் இருக்கையில் நான், பின்னால் ஒயர் மூட்டைகள். படூரில் பதினோராவது மாடி, திருப்போரூரில் கோயில் குளத்துக்கு எதிர்வீடு, மறைமலைநகரில் கம்பெனி பஸ் வந்து திரும்புகிற முட்டுச்சந்து. செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, என் மாவட்டத்தை முழுசாகச் சுற்றிக் காட்டியது டாக்தான்.

அதில் மறக்க முடியாதது மாமல்லபுரத்தில் ஒரு வீடு. பையன் எங்கள் அலுவலகத்தில் புரோகிராமர். அப்பா சிற்பி. கீழே பட்டறை, மேலே வீடு. பையனின் டாக் இரண்டு மாதத்தில் மூச்சு வாங்கியது. திறந்து பார்த்தால் உள்ளே மாவு மாவாகக் கருங்கல் தூசி. நான் பிரஷ்ஷை எடுப்பதற்குள் அப்பா மேலே வந்து, பெட்டியைக் கையில் வாங்கி, சிலைக்குக் கண் திறக்கிற கவனத்தோடு ஒவ்வொரு துளையாக ஊதினார். சுத்தமாகிவிட்டது. என் பிரஷ்ஷுக்கு வேலையே இல்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் காற்றுத் துளைகளைக் காட்டிக் கேட்டார்:

"ஓட்டைய மேல பாத்து வெச்சா தூசி வுழாம இன்னா பண்ணும்? இத்த செதுக்குனவன் யாருங்க, கத்துக்குட்டியா?"

கல்பாக்கம், காலை பதினொன்று

இனி ஹேமலதா கதை. அவர் கணவருக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி உத்தியோகம். நகரியத்தில் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். மாமனார் மதுரைப் பக்கம், ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. கார்த்திகையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. பகலில் அவரைத் தனியாக விட முடியாது. ஹேமலதா வீட்டிலிருந்து வேலை செய்யத் தனி அனுமதி வாங்கினார். அதற்கு ஒரு நிபந்தனை: தினமும் மாலை ஆறரைக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரோடு நடக்கும் வீடியோ பேச்சில் அவர் பாதியில் காணாமல் போகக்கூடாது. போனால், திரும்பவும் தினமும் சிறுசேரிக்கு வரவேண்டும். மாமனாரை விட்டு வர முடியாது என்றால் வேலையை விடவேண்டும். பதினோரு வருட வேலை.

டாக்கை நானே கொண்டுபோய் மாட்டினேன். வீட்டில் இருந்த ஒரே மேஜை மாமனாரின் அறையில், கட்டிலை ஒட்டி. ஒயர்களைக் கட்டிலுக்குப் பின்னால் கொண்டுபோய், அடாப்டரைச் சுவரோடு சேர்த்து நாலு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். நான் கட்டிய டாக்குகளிலேயே அழகானது அது. பத்தாம் நாள் டிக்கெட் வந்தது: 'மாலையில் பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டு மானிட்டரும் இருட்டாகின்றன, நெட்டும் போய்விடுகிறது, அரை நிமிடம் கழித்துத் தானாக வருகிறது.' எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருந்தன. மறுநாள் காலை பதினொரு மணிக்குப் போய், என் லேப்டாப்பை டாக்கில் செருகி ஒரு மணி நேரம் ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை. டிக்கெட்டை முடிக்கும்போது காரணம் எழுத வேண்டும்: சாதனமா, நெட்வொர்க்கா, பயன்படுத்துபவரா? சாதனம் என் கண் முன்னால் ஓடியது. அதனால் 'யூசர் எரர்' என்று எழுதினேன், பயன்படுத்துபவர் தவறு. கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் சொன்னார்:

"டாக்டர் வந்தா காய்ச்சல் எறங்கத்தான் செய்யும் தம்பி. அவர் தெருமுனை தாண்டட்டும், அப்பறம் பாருங்க."

இரண்டு, மூன்று

நான் தெருமுனை தாண்டினேன், காய்ச்சல் திரும்ப வந்தது. இரண்டாம் முறை மானிட்டர் ஒயர்களை மாற்றினேன். மூன்றாம் முறை டாக்கையே மாற்றினேன். அடாப்டரை மாற்றவில்லை. காரணம் வெட்கக்கேடானது: அவ்வளவு அழகாகக் கட்டிய கட்டை அவிழ்க்க மனம் வரவில்லை. எல்லா விஜயமும் எனக்கு வசதியான காலை பதினொரு மணிக்குத்தான். மூன்று டிக்கெட்டிலும் 'யூசர் எரர்'. மூன்றிலும் ஒரு எழுத்துப்பிழை கிடையாது.

மாசியில் அவருடைய மேனேஜர் அந்த மூன்று டிக்கெட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறார். சாதனத்தில் கோளாறில்லை, தவறு இந்த அம்மாவுடையது என்று மூன்று முறை எழுத்தில் இருக்கிறது. 'வியாழக்கிழமை மாலைப் பேச்சில் நானும் இருப்பேன். அன்றும் அறுந்தால் அனுமதி ரத்து' என்று எழுதிவிட்டார். புதன்கிழமை ஹேமலதா எனக்குப் போன் செய்தார். கோபப்படவில்லை; அதுதான் சங்கடமாக இருந்தது.

"அடுத்தவங்க தப்பைக் கண்டுபிடிச்சுத்தான் சார் இத்தனை வருஷமா சம்பளம் வாங்கறேன். கண்டுபிடிக்காமயே எழுதிட்டுப் போகலாம்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

பாலம் ஏறாத வண்டி

வியாழன் பிற்பகல் கிளம்பினோம். மாலையில் வருகிற நோயை மாலையில் போய்ப் பார்ப்போம் என்று யோசனை சொன்னதே காதர் பாய்தான். மாசிதான், ஆனாலும் நாலு மணிக்கும் வெயில். பூஞ்சேரி தாண்டிக் கடற்கரைச் சாலையில் ஒரு பாலம் வந்ததும் பாய் ஏசியை அணைத்தார். நான் கைக்குட்டையை எடுத்தேன். பாலம் இறங்கியதும் மறுபடி போட்டார். அடுத்த பாலம், மறுபடி அணைத்தார்.

"என்ன பாய் விளையாட்டு?" என்றேன்.

"ஏசி, மூட்டை, நீங்க, இத்தினியும் வெச்சிகினு ஏத்தம் ஏறாது சார். நின்னுடும்" என்றார்.

"நேராகப் போகும்போது ஓடுகிறதே?"

"எஞ்சினு சின்னது சார். சமதரையில அதும் ராஜாதான். ஏத்தத்துலதான் அதும் வண்டவாளம் தெரியும்."

கார்டு நோட்டு

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலே முக்கால். ஹேமலதா சமையலறையில், மிக்சிக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து நின்றுகொண்டே வேலை செய்துகொண்டிருந்தார். "மாமா தூங்கறார். ஒரு மணியிலேர்ந்து அஞ்சு வரைக்கும் அந்த ரூமுக்குப் போகமாட்டேன்" என்றார். மூன்று முறை வந்தும் இது எனக்குத் தெரியாது. காலையில் வருகிறவனுக்குப் பிற்பகல் எப்படித் தெரியும்?

ஐந்து மணிக்கு மாமனார் எழுந்தார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். முப்பது வருடம் ரயிலின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, வண்டி எங்கே எத்தனை மணிக்கு நின்றது, ஏன் நின்றது என்று எழுதியவர். படுக்கையில் விழுந்தும் பழக்கம் போகவில்லை. மானிட்டர் இருண்ட ஒவ்வொரு தடவையும் நேரத்தோடு எழுதியிருந்தார். எல்லாம் மாலை ஆறரைக்கும் ஏழேகாலுக்கும் நடுவில். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் காலி. அந்த இரண்டு நாளும் அவர் பிற்பகலில் பிசியோதெரபிக்குப் போய்விடுவார். அறை காலியாக இருக்கும். லேப்டாப் நாள் முழுக்க டாக்கிலேயே கிடக்கும். மற்ற நாட்களில் நாலு மணி நேரம் சமையலறையில் பேட்டரியிலேயே ஓடிக் காய்ந்துபோய், ஐந்துக்கு மேல் மாமனாருக்குக் காபி, மருந்து எல்லாம் முடியும்வரை அங்கேயே கிடந்து, ஆறரைக்குச் சற்று முன்னால்தான் வந்து டாக்கில் சேரும். காலி வயிற்று பேட்டரி, இரண்டு மானிட்டர், கேமரா, பேச்சு, எல்லாம் ஒரே நேரத்தில். பாலம்! நான் கொண்டுவந்து செருகிய லேப்டாப்போ, ஒவ்வொரு முறையும் வயிறு முட்டச் சார்ஜ் ஏறியது. சமதரை.

நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் கட்டிலுக்கு அடியில் நகர ஆரம்பித்தபோது மாமனார் மேலிருந்து சொன்னார்:

"அந்தக் கறுப்புச் செங்கலைத் தொட்டுப் பாத்தீகளா? சாயங்காலமானா தோசைக்கல்லு கணக்காக் காயுது. மூணு தடவை வந்தீக, ஒரு தடவையும் எங்கிட்ட கேக்கலையே தம்பி."

செருப்பு

நாலு முடிச்சையும் பல்லால் அவிழ்த்தேன். அடாப்டர் கையில் வந்தது. மேலே என் விரல் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதைச் சுரண்டினால் அடியில் பொடி எழுத்தில் அச்சு: தொண்ணூறு வாட். அந்த டாக்குக்கு வேண்டியது நூற்று முப்பது. இரண்டு வகையும் அண்ணன் தம்பி போல ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே பருமன், ஒரே முனை. பூஜையன்று கழற்றி, பொரி தின்றுகொண்டே ஜோடி மாற்றி மாட்டியவன் நான். போதாதென்று எண் இருக்கிற இடம் பார்த்துப் பொட்டும் வைத்திருக்கிறேன்.

மணி ஐந்தே முக்கால். சரியான அடாப்டருக்குச் சிறுசேரி போய்த் திரும்ப நேரமில்லை. என் பையில் என் சொந்த லேப்டாப்பின் சார்ஜர் இருந்தது. அதை நேராக ஹேமலதாவின் லேப்டாப்பில் செருகினேன். இனி அதன் பசியை டாக் தீர்க்க வேண்டாம்; மானிட்டரைப் பார்த்துக்கொண்டால் போதும். ஆறு இருபத்தெட்டுக்கு ஹேமலதா வந்து உட்கார்ந்தார். நானும் பாயும் சமையலறையில் நின்றோம். ஆறு நாற்பது, ஆறு ஐம்பது, ஏழு. அறையிலிருந்து அவர் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. மூன்று மாதமாக அந்த மனுஷி எப்படி ஒவ்வொரு நிமிடமாகக் கடந்திருப்பார் என்று அந்த அரை மணியில் எனக்குக் கொஞ்சம் தெரிந்தது. காதர் பாய் அடாப்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அப்பவே சொன்னேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வேற யார் கால்ல கீதோ" என்று மட்டும் முணுமுணுத்தார். ஏழு இருபத்தைந்துக்குக் கதவு திறந்தது. மாமனார் நோட்டில் எழுதியதை உரக்கப் படித்தார்:

"ஆறு முப்பது, புறப்பாடு. ஏழு இருபத்தஞ்சு, வந்து சேர்ந்தது. வழியில எங்கயும் நிக்கலை."

யார் தவறு

மறுநாள் தேடினேன். நூற்று முப்பது வாட் அடாப்டர் வேறு எங்கும் போகவில்லை. என் மேஜைக்கு அடியில், என் டாக்கில், சந்தனப் பொட்டோடு சொகுசாக இருந்தது. மற்ற யார் மேஜைக்கு அடியிலும் தவழ்கிறவன் தன் மேஜைக்கு அடியில் பார்ப்பதில்லை.

பேச்சு ஒரு நாள் நன்றாக நடந்ததற்காக மேனேஜர் மூன்று டிக்கெட்டை மறந்துவிட மாட்டார். அவை இருக்கிற வரை ஹேமலதாவின் அனுமதி ஊசலில்தான். முடித்த டிக்கெட்டைத் திறந்தால் மாத அறிக்கையில் என் பெயருக்கு எதிரே சிவப்பு விழும். பதினெட்டு வருடத்தில் அதுவரை ஒன்றுகூட விழுந்ததில்லை. மூன்றையும் திறந்தேன். மூன்றிலும் 'பயன்படுத்துபவர் தவறு இல்லை. தவறான அடாப்டரை மாட்டியது நான். மாலையில் சோதிக்காததும் நான்' என்று எழுதி மேனேஜருக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் அவரிடமிருந்து இரண்டு வரி வந்தது: ஹேமலதாவின் அனுமதி தொடரும், எனக்குச் சிவப்பும் தொடரும். சரியான அடாப்டரை எடுத்துக்கொண்டு கல்பாக்கம் போனபோது ஹேமலதா காபி கொடுத்தார். டிக்கெட்டைப் படித்திருந்தார்.

"மூணுலயும் 'நான்' ரெண்டு ரெண்டு தடவை வருது சார். ஒண்ணைத் திருத்திடலாம்னு பாத்தேன். அப்பறம், இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

இப்போது மானிட்டருக்குள்ளேயே டாக் வந்துவிட்டது. அடாப்டர் என்று தனியாக ஒன்று இல்லை. ஜோடி மாற வழியும் இல்லை. காதர் பாய் கேளம்பாக்கத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பெரிய எஞ்சின், ஏசி போட்டுக்கொண்டே பாலம் ஏறுகிறதாம். கார்டு மாமனார் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். ஸ்டோர் அறையில் பூஜை இன்னும் நடக்கிறது. போன வருடம் எல்லா ஒயரும் மாட்டியபடியே இருக்க, ஒரே பெட்டிக்கு ஒரே பொட்டு வைத்து முடித்துக்கொண்டேன். சாஸ்திரம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை, சுண்டல் வந்திருந்தது.

ஊர் எழுத்துப்பிழையெல்லாம் திருத்திக்கொண்டு திரிந்த ஒருவன், தான் பொட்டு வைத்து மறைத்த ஒரே ஓர் எண்ணைப் படிக்க ஐந்து மாதம் எடுத்துக்கொண்டான் என்பதுதான் இந்தத் தொழிலில் என் சாதனைச் சுருக்கம்.